ஒரு குப்பி ஆப்பக் கள்

1

கிள்ளானில் ஆசிரியையாக இருக்கும் என் மகள் வடிவு போன வாரம் ஒரு தகர டப்பா அனுப்பியிருந்தாள். ரொட்டி சுடுகிறவர்கள் மாவு பொங்குவதற்காகப் போடும் தூள் அது. ஈஸ்ட் என்று பெயர். கூடவே ஆங்கிலத்தில் நான்கு வரிச் சீட்டு. தீபாவளிக்கு அம்மா ஆப்பத்துக்கு மாவு கரைக்கும்போது இதில் அரைக் கரண்டி போட்டால் போதும், தன் வீட்டில் செய்து பார்த்தாகிவிட்டது, நன்றாகவே வருகிறது என்று எழுதியிருந்தாள். தமிழில் எழுதினால் என்ன என்று அவளை ஒருமுறை கேட்டிருக்கிறேன். எழுதத் தெரியும், ஆனால் கை ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது என்றாள். அவளை ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவனே நான்தான்.

என் மனைவி சொர்ணம் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் கள் ஊற்றி ஆப்பம் சுட்டது நின்று இந்தத் தீபாவளியோடு பதினொரு வருடம் ஆகிறது. நடுவில் தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து ஊற்றிப் பார்த்தாள். பெயர்தான் ஆப்பம், தட்டில் விழுந்தது தோசைக்குத் தங்கச்சி. நானும் வாயைத் திறக்காமல் தின்றுவிட்டு எழுந்தேன். ஆப்பத்தைப் பற்றிக் குறை சொல்லும் உரிமையை நான் என்றோ இழந்துவிட்டேன்.

இப்போது எனக்கு ரயில்வே சரக்குக் கொட்டகையில் கிராணி வேலை. ஊரில் குமாஸ்தா என்பதை இங்கே கிராணி என்பார்கள். காலை ஏழு மணிக்கு, கோலாலம்பூரில் நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து போவேன். அந்த நேரத்தில் ஆற்றிலிருந்து கிளம்பும் பனியும் செங்கற் சூளையின் புகையும் இஞ்சின் விடும் ஆவியும் ஒன்றாகக் கலந்து எது எது என்று தெரியாமல் மிதக்கும். எதிரே வருகிறவரின் தலைப்பாகை மட்டும் முதலில் வரும். ஆள் பின்னால் வருவார். இருபத்தேழு வருடம் ஆகியும் இந்த ஊர் எனக்குக் காலை வேளையில் முழுதாகக் கண்விழித்ததில்லை. அந்தப் பனிக்குள் நடக்கும்போது நான் செய்த வேலைகளும் பேசிய பேச்சுகளும் வேறு யாருக்கோ நடந்தவை போல வந்து போகின்றன. அவற்றில் ஒன்றை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

2

சரக்குக் கொட்டகைக்கு முன்னால் பதினாறு வருடம் நான் கோலாலம்பூர் நீதிமன்றத்தில் துபாஷியாக இருந்தேன். கூண்டில் நிற்கும் தமிழன் சொல்வதை வெள்ளைக்கார நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நீதிபதி சொல்வதை அவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வேலை பழகிய பிறகு அது ஒருவிதத் தூக்கம். மதிய நேரத்தில் தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு காதில் நுழைந்த வார்த்தை வாய் வழியாக வேறு உடை போட்டுக்கொண்டு போய்விடும். நடுவில் நான் இருந்தேனா என்பது எனக்கே தெரியாது. மண்வெட்டியால் அடித்தவனின் கோபமும் கோழி திருடியவனின் பசியும் என் வழியாகப் போயின. மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் ஒன்றும் ஒட்டியிருக்காது.

மரியாதைக்குக் குறைவில்லை. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை, கையில் குடை. சடக்கில், அதாவது சாலையில், போனால் ரிக்‌ஷாக்காரர் முதல் தபால்காரர் வரை துபாஷி ஐயா என்பார்கள். அந்த ஐயாவைக் காப்பாற்றிக்கொள்வதே எனக்குத் தனி உத்தியோகமாக இருந்தது. பொது இடத்தில் நின்று சாத்தே என்னும் குச்சிக் கறி தின்ன மாட்டேன். கள்ளுக்கடை இருக்கும் பக்கமே திரும்ப மாட்டேன். அது வழியில் குறுக்கிட்டால் அரை மைல் சுற்றிப் போவேன்.

ஆனால் ஆப்பம் வேண்டும். நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். கள் ஊற்றிப் புளித்த மாவில், ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று வரவில்லை என்றால் அது எங்களுக்கு ஆப்பம் இல்லை. தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து உட்கார்ந்ததும் முதல் ஆப்பம் என் தட்டில் விழ வேண்டும். துபாஷி ஐயா கள்ளுக்கடைக்குப் போக மாட்டார். அவர் மனைவி போவது அதைவிடக் கேவலம். ஆகவே குழந்தை போவாள். வடிவு எட்டு வயதிலிருந்தே போய்க்கொண்டிருந்தாள். கடையின் பின்புறம் சமையற்கட்டு வாசலில் நின்றால், கடைக்காரரின் மனைவி ஒரு மருந்துக் குப்பியில் ஊற்றி, தக்கை அடைத்து, துணி சுற்றிக் கொடுத்து அனுப்புவாள். அதற்கு ஆப்பக் கள் என்றே பெயர். பிரிக்பீல்ட்ஸில் எங்களைப் போன்ற வீடுகள் பத்துப் பதினைந்து இருந்தன. யாரும் அதைக் கள் என்று நினைத்ததில்லை. உப்பு, சீனி, ஆப்பக் கள்.

சட்டம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பதினெட்டு வயது நிறையாதவர் கையில் கள் கொடுக்கக் கூடாது, அவர்கள் அதை வைத்திருப்பதும் கடைக்கு வெளியே எடுத்துச் செல்வதும் குற்றம் என்று எல்லாக் கள்ளுக்கடைகளிலும் நான்கு மொழியில் பலகை அடித்தார்கள். தமிழ் வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான். நல்ல தமிழாக இருக்கிறது என்று கலால் இலாகாவில் பாராட்டினார்கள். அந்தப் பலகையை நான் பார்த்ததே இல்லை. நான்தான் அந்தப் பக்கம் போக மாட்டேனே. என் மகள் அதைத் தாண்டிப் போய்ப் பின்வாசலில் நின்று குப்பியை வாங்கி வந்துகொண்டிருந்தாள்.

3

ஆப்பம் நின்ற அந்த வருடம் வடிவுக்குப் பதினான்கு வயது. தீபாவளிக்கு முதல்நாள், மத்தியான மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்தது. சடக்கெல்லாம் ஈரத்தில் பளபளத்தது. சொர்ணம் அரிசி ஆட்டி வைத்துவிட்டாள். இந்தத் தடவை வடிவு போகத் தயங்கினாள். பள்ளிக்கூடத் தோழிகள் பார்த்தால் கேலி செய்வார்கள், பெரிய பெண்ணாகிவிட்டேன் என்று தாயிடம் முணுமுணுத்தாள். நான் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடியே, ஒரு நாள் ஒரு பொழுது போய்விட்டு வா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு தூங்கிவிட்டேன்.

வழியில் ரயில்வே கேட்டை அடைத்திருந்தார்கள். கிள்ளான் வண்டி போக வேண்டும். வடிவு குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றிருக்கிறாள். வெயிலில் நின்றால் கள் சும்மா இருக்குமா? உள்ளே பொங்கியது. ரயில் தடதடவென்று போய்க்கொண்டிருந்தபோதே தக்கை பிய்த்துக்கொண்டு பறந்தது. நுரை அவள் கழுத்திலும் பள்ளிக்கூடச் சட்டையிலும் வழிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டின் அந்தப் பக்கம் கலால் இலாகாவின் புதுச் சேவகனும் ஒரு மலாய் மாத்தா-மாத்தாவும் நின்றிருந்தார்கள். போலீஸ்காரரை இங்கே அப்படித்தான் சொல்வது. கேட் திறந்ததும் அவர்கள் நேராக அவளிடம் வந்தார்கள். ஓடவில்லை, அழவில்லை என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். குப்பியை மட்டும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாளாம், மிச்சமும் கொட்டிவிடக் கூடாதே என்று.

அந்தி நேரத்தில் சேவகனே அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டான். தமிழன்தான், ஊர் மதுரைப் பக்கம். வாசலில் என்னைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"ஐயா, உங்க வீட்டுப் புள்ளைன்னு தெரியாமப் போச்சு. சார்ஜ் புக்குல ஏத்தியாச்சு ஐயா. இனிமே என் கையில இல்ல."

எனக்கு அந்த நிமிடம் முப்பத்தைந்து வருடம் பின்னால் போய்விட்டது. பாளையங்கோட்டையில் எனக்கு ஒன்பது வயது. பனையேறியிடம் ஆப்பத்துக்குப் பதநீர்க் கலயத்தில் கள் வாங்கிக்கொண்டு வருகிறேன். மழையில் வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது. எதிரே அப்காரி என்னும் கலால் இலாகாவின் சேவகர் ஒருவர், இடுப்பில் வெள்ளி வில்லை மின்ன வருகிறார். என்னைக் கண்டதும் மிதியடியைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி, என் கையைப் பிடித்து அக்கரை சேர்த்துவிட்டார். பார்த்துப் போப்பா, கலயம் சாய்ஞ்சிடாம என்று ஒரு வார்த்தை வேறு. நான் நினைவுகூர்வது அந்த ஊருக்காக ஏங்கி அல்ல. அந்தச் சேவகர் கையின் சூடு என் மனதில் சட்டமாகத் தங்கிவிட்டது. இங்கே வேறு சட்டம் என்று என் கையே எழுதியும், மனதுக்கு அது எட்டவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

மறுநாள் தீபாவளி. மாவு புளிக்காமல் அப்படியே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

4

குற்றம் பெரியதில்லை, தண்டனையும் பெரியதில்லை. வயது குறைந்தவர் என்றால் இந்த ஊர் நாணயத்தில் நாலைந்து வெள்ளி அபராதம், அல்லது தகப்பனிடம் நன்னடத்தைக்கு ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விடுவார்கள். பையனாக இருந்தால் சில சமயம் ரோத்தான் பிரம்படி உண்டு. ஆனால் பெயர் பதிவேட்டில் ஏறும். வடிவு படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். அடுத்த ஆண்டு அங்கேயே ஆசிரியைப் பயிற்சி வகுப்பில் அவளைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தது. தலைமைச் சகோதரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷி. என் கண்களைப் பார்க்காமல், மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைத் தடவிக்கொண்டே, நீதிமன்றம் குற்றவாளி என்று எழுதிய பெண்ணைக் குழந்தைகள் முன்னால் நிறுத்த முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். விடுதலையானால் பேச்சே இல்லை.

விடுதலை ஆவதற்கு வழி எனக்குத் தெரியும். பதினாறு வருடத்தில் பார்த்ததுதான். பொருள் இன்னது என்று தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம். ஆமாம் துரை என்று உள்ளதைச் சொன்னவன் அபராதம் கட்டினான். பொட்டணத்தில் என்ன இருந்தது என்றே தெரியாது என்று சாதித்தவன் வீட்டுக்குப் போனான். வடிவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வாசலில் கிடந்த குப்பியை எடுத்தேன், மருந்து என்று நினைத்தேன், இதை மட்டும் சொல் என்றேன். இரண்டு நாள் மாலையில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். நீதிபதி கேட்பது போல நானே கேட்டேன். அவள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். வெளியே ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

"அப்பா, தெரியாதுன்னு சொன்னவங்க எல்லாரும் நெசமாவே தெரியாம இருந்தவங்களா?"

அதை ஆராய்வது என் வேலை இல்லை, அவர்கள் சொன்னதைச் சொல்வதுதான் என் வேலை என்றேன். சாமர்த்தியமான பதில் என்று எனக்குத் தோன்றியது. அவள் சரி என்று எழுந்து போய்விட்டாள்.

சொர்ணம் அதுவரை குறுக்கே பேசவில்லை. அன்று சோறு போடும்போது, தான் அனுப்பியதாகத் தானே வந்து சொல்லிவிடுவதாகச் சொன்னாள். பெண்பிள்ளை கோர்ட்டு வாசலை மிதிப்பதா என்று அதட்டினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பதினாலு வயசுப் புள்ளை மிதிக்கலாம், நான் மிதிக்கக் கூடாதா? கள்ளுக்கடை வாசலை நீங்க ஒரு நாள் மிதிச்சிருந்தா, இன்னிக்கு இவ அங்க போய் நிக்க வேணாமில்ல."

அவள் சொன்னது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது. வெட்கம் வந்த பிறகும் என் யோசனையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. உள்ளதைச் சொன்னால் அனுப்பியவன் மேல் வழக்கு வரும். துபாஷி வேலை போகும். அந்த ஐயாவும் போகும். மகளுக்காகப் பொய் சொல்லிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டேன். பாதி எனக்காக. இதை எழுத எனக்குப் பதினொரு வருடம் பிடித்திருக்கிறது.

5

அன்று காலை நீதிமன்றத்துக்கு நான் வழக்கம்போலக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டுதான் போனேன். வடிவு புதிதாகத் துவைத்த பள்ளிக்கூடச் சட்டை போட்டிருந்தாள். எதிரே திடலில் பனி இன்னும் விலகவில்லை. உள்ளே எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். மேசை, கூண்டு, விசிறி, சுவரில் கரையான் ஏறிய தடம். தெரிந்த இடம் கனவில் வரும்போது ஏதோ ஒன்று இடம் மாறியிருக்குமே, அப்படி இருந்தது. மாறியிருந்தது நான் நின்ற இடம். துபாஷியின் மேடையில் இல்லாமல் கீழே, பெற்றோர் நிற்கும் பலகை ஓரத்தில் நின்றேன்.

இன்னொரு தமிழ்த் துபாஷி அன்று கிள்ளான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். நீதிபதி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொந்த மகளின் வழக்கில் நான் மொழிபெயர்க்க முடியாது என்றார். பிறகு அவளிடம் ஆங்கிலம் வருமா என்று கேட்டார். வரும் ஐயா என்றாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. வீட்டில் பேசும் வடிவு வேறு, இவள் வேறு. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகளுக்கு நடுவே இந்தப் பெண் இத்தனை வருடம் தனியாக வளர்ந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

குப்பியை மேசைமேல் வைத்தார்கள். இதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியுமா என்று நீதிபதி கேட்டார். நான் வீட்டில் கேட்ட அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். வடிவு என் பக்கம் திரும்பினாள். உதவி கேட்கிற பார்வை இல்லை அது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிற பார்வை. பிறகு நேராக நின்று, தெரியும் ஐயா, கள், ஆப்ப மாவு புளிப்பதற்காக என்றாள். எட்டு வயதிலிருந்து வாங்கி வருகிறேன் என்றாள். ஆப்பம் என்றால் என்ன என்று அவர் கேட்டதற்குக் கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

உன்னை அனுப்பியது யார் என்று கேட்டார்.

வடிவு மேசைமேல் இருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டார். யார் அனுப்பியது என்று சொல்லாவிட்டால் நீயே வாங்கிச் சென்றதாக எழுதித் தண்டிக்க வேண்டியிருக்கும், அது உன் பெயரோடு நிற்கும் என்று நிதானமாக விளக்கினார். அவள் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்வாள். என்னைப் பற்றிக் கேட்டால் சொல்ல மாட்டாள். அது எனக்குப் புரிந்துவிட்டது. விசிறி ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது. நீதிபதி பேனாவை மையில் தொட்டார்.

"நான்தான் அனுப்பினேன்."

என் குரல்தான். தமிழில் சொல்லியிருக்கிறேன். பதினாறு வருடம் ஊரார் கதையையெல்லாம் அந்த அறையில் ஆங்கிலத்தில் சொன்ன வாய்க்கு, தன் கதையைச் சொல்ல ஒரு ஆங்கில வார்த்தை கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பனி. நீதிபதி என்னைப் பார்த்துவிட்டு, வேறு துபாஷி இல்லாததால், உன் தகப்பனார் என்ன சொன்னார் என்று வடிவிடம் கேட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். சொல்ல மாட்டாளாம்.

"சொல்லும்மா" என்றேன். "நான் சொன்னதை அப்படியே சொல்லு. கூட்டாதே, குறைக்காதே."

சொன்னாள். அனுப்பியது தான்தான் என்கிறார் என்று. நான் மேலும் சொன்னேன், அவள் மேலும் சொன்னாள். கடைக்குப் போகத் தனக்குக் கௌரவக் குறைவு என்பதால் பிள்ளையை அனுப்பியதாகச் சொல்கிறார். சட்டம் தெரிந்தே செய்ததாகச் சொல்கிறார். பலகையில் இருக்கும் தமிழைத் தானே எழுதியதாகச் சொல்கிறார். தெரியாது என்று சொல்லும்படி எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் தான்தான் என்கிறார். இந்த இடத்தில் அவள் குரல் ஒரு தரம் இடறியது. பிறகு சரியாகிவிட்டது. நான் கேட்டவரையில் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. என்னைவிட நல்ல துபாஷி.

வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் எழுந்து நீதிபதியிடம் ஏதோ பேசினார். தாளில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினார்கள். வடிவைக் கண்டித்து விடுவித்தாயிற்று, அவள் மேல் குற்றம் எதுவும் பதியவில்லை என்று நீதிபதி அறிவித்தார். அவளைக் கூண்டிலிருந்து இறங்கச் சொன்னார்கள். நான் ஏறினேன். மூன்று படிதான். எத்தனையோ பேர் அதில் ஏறக் கண்டவன், மூன்று என்று அன்றுதான் எண்ணினேன். என் காது அடைத்துவிட்டது. நீதிபதியின் உதடு அசைவது தெரிந்தது. தீர்ப்பைக் குற்றவாளிக்கு விளங்கும் மொழியில் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே நின்ற வடிவுக்குத் தலையை அசைத்தார்.

அவள் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, இருபது வெள்ளி அபராதம். கட்டலேன்னா ரெண்டு வாரம் ஜெயிலு. சட்டம் தெரிஞ்சவரே இப்படிச் செஞ்சதுனால மேலிடத்துக்கும் எழுதுவாராம்." நீதிபதியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு வெளங்குதான்னு கேக்குறாரு."

"வெளங்குதுன்னு சொல்லும்மா" என்றேன்.

அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். என் தகப்பனாருக்கு விளங்குகிறது ஐயா என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.